திரும்ப அழைக்கப்பட்ட இருக்கை

தலைவர் உட்கார்ந்துகொண்டு போன் பேசுவதில்லை. மறுமுனையில் இருப்பவர் குழாய் ரிப்பேர்காரரே ஆனாலும் எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டு, கீழே பெருங்கூட்டம் காத்திருப்பதுபோல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடிதான் "வணக்கம்" சொல்வார். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் தலைவர். தேர்தல் நடந்த அன்று மற்ற எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஏகமனதாகத் தேர்வானார். அன்றிலிருந்து கட்டிய மனைவிகூட அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுகிறாள். கூப்பிடும் தொனியை மட்டும் அவர் இன்னும் கவனிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலையும் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். சோபாவில் அவருடைய மனைவியும் மனைவியின் தங்கையும். இளையவள் மருந்துக்கடை வைத்திருப்பவள். கணவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்பதால், இரண்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு இரவு தங்க வந்திருந்தாள். காலையில் அவள் காரில் எல்லோருமாகக் கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு.

"கவனிச்சுக் கேளுங்க," என்று போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துத் தலைவர் வாசித்தார். "'மதிப்புமிக்க வாடிக்கையாளரே, தங்கள் இருக்கை திரும்ப அழைக்கப்பட்டுள்ளது. பாதுகாப்புக் காரணங்களுக்காக உடனடியாகத் தொடர்புகொள்ளவும்.' எப்படி?"

"எந்த இருக்கை அத்தான்?"

"மேடையிலம்மா! ஏதோ விழா வைக்கிறாங்க. எனக்கு ஒரு இருக்கை போட்டு அழைக்கிறாங்க. போன மாசமே ஒரு அழைப்பு வந்துச்சு. உடனே சரின்னு சொன்னா நமக்கு மதிப்பில்லைன்னு விட்டுட்டேன். இப்போ பாரு, திரும்ப அழைக்கிறாங்க."

"பாதுகாப்புக் காரணம்னு போட்டிருக்கே?"

"பெரிய பெரிய ஆளுங்க வருவாங்கல்ல. பக்கத்துல யார் உட்காருறான்னு விசாரிப்பாங்க."

"போலீஸ் விசாரிக்கிற அளவுக்கு வளர்ந்துட்டீங்க," என்றாள் அக்கா.

தலைவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். செய்தி வந்து மூன்று நாளாகிறது; விழாவுக்கென்று ஒரு கோட்டு ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. 'கலந்துகொள்வதில் பெருமகிழ்ச்சி. உடன் ஒருவர் வரலாமா?' என்று பதிலும் போட்டாகிவிட்டது. அந்த ஒருவர் யார் என்பதில் அக்காவுக்குக் கொஞ்சமும் ஆர்வம் இல்லை.

"அனுப்பினது யாரு அத்தான்?"

"நம்ம பாப்பாவுக்கு கார் சீட்டு வாங்கிக் கொடுத்தேனே, அந்தக் கம்பெனிதான். என்னை மாதிரி வாடிக்கையாளரை விட்டுடுவாங்களா?"

இளையவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாப்பாவின் முதல் பிறந்த நாளுக்கு அவர் அந்தச் சீட்டைக் கொடுத்தபோது கூடவே ஒரு சொற்பொழிவையும் கொடுத்தார். கம்பெனியில் பதிவு செய்யும்போது தன் பெயரையும் தன் நம்பரையுமே போட்டார். கொடுத்தவன் பேர் நிற்க வேண்டுமாம். இருக்கை. திரும்ப அழைப்பு. பாதுகாப்பு. மருந்துக்கடைக்கும் இப்படி மாதம் ஒன்றாவது வரும்: இன்ன தேதியில் தயாரான மருந்தை விற்காதீர்கள், திருப்பி அனுப்புங்கள். அதற்கு ரீகால் என்று பெயர். அந்தச் சொல்லை மனசாட்சி இல்லாத ஏதோ ஓர் இயந்திரம் தமிழாக்கியிருக்கிறது.

"அத்தான், அவங்க கூப்பிடுறது உங்களை இல்லை. சீட்டை."

தலைவர் யோசித்தார். "சீட்டை எதுக்கும்மா மேடைக்குக் கூப்பிடுறாங்க?"

அக்கா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

"மேடையும் இல்லை, விழாவும் இல்லை. சீட்டுல கோளாறு இருக்கு, திருப்பிக் கொடுங்கன்னு கேக்குறாங்க."

"நான் வாங்கினதுலயா? கடையிலேயே ஒசந்தது அதுதான்!"

"போன வாரம் சிக்னல்ல நிக்கிறப்போ பாப்பா பெல்ட்டைக் கழட்டிட்டு எழுந்து நின்னு கை தட்டினா. ஞாபகம் இருக்கா?"

எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அதைக் கேட்டுக் குடும்பமே கெட்டிக்காரி என்று கொஞ்சியது. "பெரியப்பா மூளை," என்று தலைவர் மீசையைத் தடவிக்கொண்டார். தனக்கும் அந்தக் குழந்தைக்கும் இரத்த சம்பந்தம் இல்லை என்பது அப்போது அவருக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. இளையவள் மட்டும், பூட்டைத் தான்தான் சரியாக மாட்டவில்லை போலிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

மூவரும் கீழே இறங்கினார்கள். குழந்தை அக்காவின் இடுப்பில். கார் நிறுத்தும் இடத்தில் பாதி விளக்குகள் எரியவில்லை. அவற்றை மாற்றுவதுதான் தலைவரின் தேர்தல் வாக்குறுதி. இளையவள் போனில் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தாள். சீட்டின் மாடல் நம்பரையும் தயாரித்த தேதியையும் கேட்டது. இரண்டும் சீட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் வெள்ளை லேபிளில் இருக்கும் என்று படம் போட்டுக் காட்டியது.

சீட்டைக் கழற்றித் திருப்பினாள். வெள்ளை லேபிளைக் காணவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் தங்க எழுத்தில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர்: 'அன்பளிப்பு' என்று மேலே, நடுவில் அத்தானின் முழுப்பெயர், கீழே 'தலைவர், குடியிருப்போர் சங்கம்'.

"இதை எப்போ ஒட்டினீங்க?"

"கொடுக்குறதுக்கு முன்னாடியே. ஆர்டர் கொடுத்து அடிச்சது. அந்த இடம்தான் நல்லா வழவழன்னு இருந்துச்சு."

"அதுக்கு அடியிலதான் எல்லாம் இருக்கு. உரிக்கணும்."

"என் பேரையா உரிக்கப்போறே?"

"ஹேர் டிரையர் எடுத்துட்டு வர்றேன். சூடு காட்டினா உரியும்," என்று அக்கா குழந்தையை அவர் கையில் திணித்துவிட்டு லிஃப்டுக்கு ஓடினாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளிடம் இவ்வளவு வேகத்தைத் தலைவர் பார்த்ததில்லை.

தூணில் இருந்த பிளக்கில் செருகிச் சூடு காட்டியதும் ஓரம் சுருண்டது. இளையவள் நகத்தால் நெம்பினாள். கீழ் வரி முழுசாகக் கையோடு வந்தது.

"பாத்தீங்களா, பதவிதான் முதல்ல போகுது," என்றாள் அக்கா.

பெயர் லேசில் போகவில்லை. முதலெழுத்து மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கடைசியில் 'அன்பளிப்பு' போனபோது உள்ளே மங்கலாக எண்கள் தெரிந்தன. இளையவள் அவற்றை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லித் தட்டினாள். திரையில் வட்டம் சுற்றியது. மூவரும் திரைமேல் குனிந்தார்கள்.

சிவப்பாக வந்தது. 'இந்த இருக்கையைப் பயன்படுத்தாதீர்கள். இழுவிசையில் பூட்டு தானாகத் திறந்துகொள்ளலாம்.'

இளையவள் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். பாப்பா கெட்டிக்காரி இல்லை. பூட்டுதான் மோசம். தன்னை இத்தனை நாள் திட்டியதை நிறுத்திவிட்டு, கம்பெனி நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

பதிவாகியிருந்த தலைவரின் நம்பரைச் சொன்னதும் மறுமுனையில் இருந்த பெண் உற்சாகமானாள். "ஓ, இந்தப் பதிவா! எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். 'உடன் ஒருவர் வரலாமா'ன்னு பதில் போட்டிருந்தீங்க. என்ன அர்த்தம்னு ரொம்பப் பேசினோம் மேடம்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"அது... குழந்தையைத்தான் சொன்னேன்."

சேவை மையம் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் திறந்திருக்கும், சீட்டைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம் என்றாள் அந்தப் பெண்.

"எதுக்கு அலைச்சல்? ஒரு நாள்தானே, மடியில வச்சுக்கோ. நாமெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம்," என்றார் தலைவர்.

"ஒரு நாள்தானேன்னு உங்களை மேடைக்குக் கீழே உட்கார வச்சா உட்காருவீங்களா அத்தான்?"

அப்படி ஒரு கொடுமையை அவரால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. காலையில் முதலில் சேவை மையம், பிறகுதான் கடற்கரை என்று முடிவானது.

காலையில் குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு, சீட்டைப் பின்னால் போட்டுக்கொண்டு இளையவள் தனியாகப் போனாள். சேவை மையத்தில் வரிசை நின்றது. ஆளுக்கொரு சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அம்மாக்களும் அப்பாக்களும். கவுண்டரில் டை கட்டிய மேலாளர் சிரித்தபடியே எல்லோரையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"பூட்டு மட்டும்தான் மாத்துவோம் மேடம். அதுவும் இன்னும் வரலை. வந்ததும் சொல்றோம்."

"அதுவரைக்கும் குழந்தை?"

"கொஞ்சம் பொறுமையா இருங்க."

"உங்க பக்கத்துல 'புதிய இருக்கை வழங்கப்படும்'னு இருக்கு. இதோ, உங்க கம்பெனி பேரு, உங்க எழுத்து."

"அது பொதுவா போட்டது மேடம்."

இளையவள் போனைக் கவுண்டர்மேல் வைத்தாள். வரிசைக்கே கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"சார், 'தங்கள் இருக்கை திரும்ப அழைக்கப்பட்டுள்ளது'ன்னு நீங்கதானே செய்தி அனுப்பினீங்க? மதிப்புமிக்க வாடிக்கையாளர்னு வேற போட்டீங்க. நாங்களா வரலை. மரியாதையா கூப்பிட்டீங்க, வந்தோம். கூப்பிட்டுட்டு வாசல்லயே நிறுத்தினா எப்படி? உட்கார இடம் கொடுங்க!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். "எனக்கும் அழைப்பு வந்துச்சு!" என்றார் ஒரு அப்பா. "எனக்கு ரெண்டு தடவை!" என்றாள் இரட்டைக் குழந்தைக்காரி. வரிசை முழுக்கப் போன்கள் உயர்ந்தன. மேலாளரின் சிரிப்பு முதலில் ஒரு பக்கம் இறங்கியது, பிறகு மறு பக்கம். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். சற்று நேரத்தில் கிடங்குக் கதவு திறந்தது. புதிய சீட்டுகள் பெட்டி பெட்டியாக வெளியே வந்தன. இளையவள் பெட்டியை அங்கேயே பிரித்து, மாடலையும் தேதியையும் பார்த்து, பூட்டை மாட்டி, காலை ஊன்றி முழு பலத்தோடு இழுத்தாள். பூட்டு அசையவில்லை. வரிசை கைதட்டியது.

மதியத்துக்குள் கார் கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தது. வாங்கிய கோட்டு வீணாகக் கூடாதென்று தலைவர் அதை அணிந்து முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்னால் அக்காவும், பக்கத்தில் புதுச் சீட்டில் பாப்பாவும்.

"விழிப்புணர்வு!" என்றார் தலைவர். "அடுத்த கூட்டத்துல இதைப் பத்தித்தான் பேசப்போறேன். இந்த ஆபத்தை முதன்முதல்ல கவனிச்சு, எச்சரிச்சு, குடும்பத்தையே காப்..."

முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. இளையவள் பிரேக்கை அழுத்தினாள். டயர்கள் கீச்சிட்டன. அக்காவின் பையிலிருந்த ஆரஞ்சுகள் உருண்டோடின. கோட்டின் நடுப் பொத்தான் தெறித்துக் கண்ணாடியில் பட்டது. 'பாற்றி' என்னும் பாதிச்சொல் தலைவரின் தொண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. லாரிக்குக் கையளவு இடைவெளி விட்டு கார் நின்றது.

இளையவள் திரும்பிப் பார்த்தாள்.

பாப்பா வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தாள். தோளிரண்டையும் பட்டைகள் பிடித்திருந்தன. கண்கள் மட்டும் அகன்று, அம்மாவை, பெரியம்மாவை, ஆரஞ்சுகளை ஒரு சுற்றுப் பார்த்தன. பிறகு கால்களை உதைத்துக்கொண்டு கத்தினாள்:

"இன்னொரு வாட்டி!"

"லாரி மாமாவைத்தான் கேக்கணும்டி செல்லம்," என்றாள் அம்மா. கண்ணில் வந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஜெயித்த கட்சியின் ஊர்வல வண்டிபோல ஹாரனை நீளமாக, வெகு நீளமாக அழுத்தினாள்.