இரும்பு படாத மரம்

மரமறுக்கும் வாள் பாதியில் இறுகிவிட்டது, ஈரமரம் அதன் பற்களைக் கவ்விக்கொண்டு விட மறுக்கிறது, எலுமிச்சை இலைகளிலிருந்து நேற்றைய மழை என் கழுத்துக்குள் வடிகிறது, ஏணியின் ஒரு கால் சேற்றில் புதைகிறது, நான் இழுக்கிறேன், இயந்திரத்தோடு ஆள் வந்து மரத்தை அடியோடு சாய்ப்பதற்கு முன் இந்தக் கொப்பு விழவேண்டும், இதன் உள்ளே இருப்பதை என் கண்ணால் பார்க்கவேண்டும், மரம் போய்விட்டால் நடந்ததைச் சொல்ல இந்த வீட்டு வளவில் ஒன்றும் மிஞ்சாது, என்மீது விழுந்த பழி மட்டுமே மிஞ்சும். நியூசிலாந்தின் இந்தக் கரையில் குளிர்காலம் என்பது கடல் எழுந்து வந்து வீட்டுக்குள் குடியிருப்பது, உடுப்புக் காயாது, சுவர் காயாது, கிழிந்த எதுவும் காயாது, அதை நான் மரத்திலிருந்து தெரிந்துகொண்டேனா, என் உடம்பிலிருந்தா, இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அம்மனுக்குப் போற தேசிக்காய், இந்த மரத்தில இரும்பு படக்கூடாது, என்று புவனம் மச்சாள் சொன்னது நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த கிழமை, என் கணவர் குலேந்திரனின் அக்கா அவர், பக்கத்துத் தெருவில் இருக்கிறார், வெள்ளிக்கிழமைகளில் கூடையோடு வந்து காய் பறித்துப்போய், பாதியாக வெட்டிப் பிழிந்து, தோலை மறுபுறம் புரட்டி நெய்விட்டுத் துர்க்கைக்கு விளக்கேற்றுவார், காயை வெட்டலாம், கொப்பை வெட்டக்கூடாதோ மச்சாள், என்று கேட்டேன், அப்போது எனக்குச் சிரிப்பு இருந்தது, உமக்கு எல்லாம் பகிடி, என்றார், குசினி யன்னலை மறைத்த கிளையைக் குலேந்திரன் கையாலேயே முறித்தார், இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார், அது போகும்போது பெரிய கொப்பின் தோலையும் ஒரு முழத்துக்கு உரித்துக்கொண்டு போனது, பார்த்தீரே தம்பியின்ர பலத்தை, என்று மச்சாள் பூரித்தார், வெயில் எரிக்கிற ஊரென்றால் அந்தக் காயம் இரண்டு நாளில் சுருங்கி இறுகியிருக்கும், இங்கே அது வாய் திறந்தபடி கிடந்தது, மழை அதற்குள் தங்கியது, விளிம்பில் வெள்ளையாக என்னவோ பூத்தது, இஞ்சேருங்கோ, அதை வாளால சீராய் வெட்டிவிடுங்கோ, என்றேன், அக்கா ஏசுவா, என்றார், அந்தக் குளிர்காலம்தான், வயிற்றில் ஐந்தாம் மாதத்தில், என் பிள்ளை போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளுக்கு வாய் கசந்தது, வீட்டில் யாருமில்லை, தீட்டுக் கழியவில்லை, செருப்பில்லாமல் ஈரப்புல்லில் நடந்துபோய் ஒரு காய் பறித்தேன், அவ்வளவுதான், தண்ணீரில் பிழிந்து குடித்தேன், வேலிக்கு அப்பால் வந்துகொண்டிருந்த மச்சாள் பார்த்துவிட்டார், அல்லது அவர் பார்ப்பதை நான் கனவில் கண்டேன், கனவில் என் விரல்களிலிருந்து கரும்பூஞ்சை கிளம்பி இலைக்கு இலை போகிறது, நான் கையைக் கழுவுகிறேன், கழுவுகிறேன், குழாயில் கடல் வருகிறது, விழித்தால் மழை, கோடை பிறக்குமுன் மரத்தின் காயம்பட்ட பக்கம் மஞ்சளாகி உதிர்ந்தது, துடக்கோட தொட்டால் மரம் பட்டுத்தான் போகும், பிள்ளையும் தங்கேல்ல, மரமும் தங்கேல்ல, அவவின்ர கை அப்பிடி, என்று என் வீட்டு மேசையிலிருந்து, நான் சமைத்ததைத் தின்றுகொண்டு, மச்சாள் சொன்னார், குலேந்திரன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார், யார் முறித்தது என்று தெரிந்த கை பிசைந்துகொண்டிருந்தது, பிறகு கோயிலில் பூத்தட்டு என்னைத் தாண்டிப் போகத் தொடங்கியது, கலியாண வீட்டில் என் கைக்கு ஒரு வெற்றிலையும் வரவில்லை, நானோ குளிர்காலம்தோறும் ஊரார் தோட்டங்களில் கூலிக்குக் கொப்பு வெட்டினேன், மழை விட்டு இலை உலர்ந்த நாள் பார்த்து, மரத்தின் நடுவைத் திறந்து காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே விட்டேன், என் கை பட்டு ஒரு மரமும் சாகவில்லை, சொந்த மரத்தின் நிழலில் மட்டும் தள்ளி நடந்தேன், இத்தனை வருடம் தள்ளி நடந்ததை நினைத்தால் வாளை விட என் பல் அதிகம் நறநறக்கிறது. போன கிழமை மச்சாள் சொன்னார், செத்துக்கொண்டிருக்கிற மரம் வளவுக்குக் கூடாது தம்பி, அடியோட எடுப்பி, அப்ப இரும்பு படலாமோ மச்சாள், என்று கேட்டேன், அது வேற, என்றார்.

அது வேற, அது வேற, என்று இழுக்கிறேன், வாள் விடுகிறது, ஈரத்தூள் முகத்தில் ஒட்டுகிறது, கொப்பு முனகிச் சாய்ந்து புல்லில் விழுகிறது, நான் இறங்கி அதன் வெட்டுமுகத்தைத் திருப்புகிறேன், உரிந்த தோலின் பக்கத்திலிருந்து நடுவரை கபில நிற உக்கல், விரல் வைத்தால் தேத்தண்ணியில் ஊறிய பாண்துண்டைப்போல் உள்ளே போகிறது, மறுபக்கம் வெண்ணெய் நிறத்தில் உயிரோடு இருக்கிறது, என்ன கூத்து இது காலமை வெள்ளன, என்று குலேந்திரன் தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்கிறார், நீங்கள் முறிச்ச இடம், பாருங்கோ, என்கிறேன், பார்க்கிறார், விடுமன், பழைய கதை, மரமே போகப்போகுது, என்கிறார், எனக்கு அந்தக் கோப்பையைத் தட்டிவிடவேண்டும்போல் இருக்கிறது, வெள்ளிக்கிழமையாதலால் மச்சாளும் கடைசிக் காய்களுக்குக் கூடையோடு படலையைத் திறக்கிறார், ஐயோ, ஆர் இதை வெட்டினது, என்று கத்துகிறார், நான்தான் மச்சாள், இஞ்ச வாங்கோ, என்று நானும் கத்துகிறேன், எனக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கே தெரியாது, சொல்லுங்கோ உங்கட அக்காவுக்கு, எனக்கில்ல, அவவுக்குச் சொல்லுங்கோ, என்கிறேன் அவரிடம்.

குலேந்திரன் சேற்றைப் பார்த்துச் சொல்கிறார், நான் முறிச்ச இடத்திலதான் அக்கா உக்கியிருக்கு, இவ காய் பறிக்கமுதலே பழுதாகத் தொடங்கினது, எனக்கு அப்பவே தெரியும். அப்பவே, அந்தச் சொல்லோடு எத்தனை குளிர்காலம் என்னருகில் படுத்திருந்தார், என் நெஞ்சு ஆறவில்லை, இன்னும் கொதிக்கிறது, மச்சாள் வெட்டுமுகத்தைக் குனிந்து பார்க்கிறார், கூடையை மற்ற இடுப்புக்கு மாற்றுகிறார், இருந்தாலும் அவ தொட்டவதானே, என்கிறார். ஓம் மச்சாள், தொட்டனான், என்று ஈரக் கையை அப்படியே அடிமரத்தில் விரித்து வைக்கிறேன், இண்டைக்கும் எனக்குத் துடக்குத்தான், பாருங்கோ, தொடுறன், அம்மனுக்குக் காய் வேணுமெண்டால் இனி என்னட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கோ. கூடை வெறுமையாகவே திரும்பிப் போகிறது, தெருவில் இயந்திரக்காரனின் வாகனம் ஹார்ன் அடிக்கிறது, அவனைத் திருப்பி அனுப்புங்கோ, என்கிறேன், குலேந்திரன் போகிறார், நான் ஏணியை நகர்த்தி ஏறுகிறேன், விழுந்த கொப்பின் இடத்தில் மரத்தின் நடுவே சாம்பல் நிற வானம் இறங்கி நிற்கிறது, பாசி பிடித்த உள்கொப்புகளில் எத்தனையோ காலத்துக்குப் பிறகு வெளிச்சம் படுகிறது, உக்கல் முடிந்து நல்ல மரம் தொடங்கும் இடத்தில் வாளை வைக்கிறேன், அது இறுகாமல் ஓடுகிறது, என் கோபம் அதோடு ஓடுகிறது, முன்னும் பின்னும், முன்னும் பின்னும்.