வேணு கட்டிய கயிறு

விடியற்காலை ஐந்தரை மணிக்கு மூன்றாம் நம்பர் படகு சேற்றில் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. பழவேற்காடு ஏரியில் தண்ணீர் ஒரு முழம் இறங்கியிருந்தது. படகோட்டி வேணுவும் துறையில் படகைப் பிடித்துக் கட்டுகிற ஜெயச்சந்திரனும் பின்பக்கம் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். ஜெயச்சந்திரனின் மனைவி தாட்சாயணி உள்ளே நின்று, கசிந்து சேர்ந்த தண்ணீரை டப்பாவால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். உப்புத் தண்ணீர் பித்தவெடிப்பில் இறங்கிச் சுரீரென்று எரிந்தது. ஆறாவது தள்ளில் படகு நழுவியது. தள்ளிய இருவரும் முழங்கால் வரை கருஞ்சேற்றோடு மூச்சு வாங்கினார்கள். இதெல்லாம் வேலையில் சேராது. முதல் பயணி ஏறிய பிறகுதான் வேலை ஆரம்பித்ததாகப் பேர்.

தடாவுக்குக் கிழக்கே இருக்கும் அந்தப் படகுத்துறையை எல்லாரும் ரேவு என்பார்கள். அங்கிருந்து தீவுக்குப் போய்வரும் ஐந்து படகுகளும் நிதினுடையவை. முப்பது வயது, சென்னைப் படிப்பு. ஒருவரையும் வாடா போடா என்று பேசமாட்டார். எல்லாரும் அவருக்கு அண்ணா, அக்கா. அவருடைய அப்பா காலத்தில் சாயங்காலம் டேங்கரில் நல்ல தண்ணீர் வரும். மோட்டாரை உப்புப் போக அலசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். “நாள் பூரா தண்ணியில கீற மோட்டாருக்கு எதுக்குண்ணா குளியல்?” என்று சிரித்தபடியே டேங்கரை நிறுத்தியவர் நிதின். சிரித்துக்கொண்டே செய்கிற ஆளோடு சண்டை போடுவதும் கஷ்டம்.

ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் லிவரையும் கியரையும் இணைக்கும் கேபிள்கள் உப்பில் துருப்பிடித்து, கியர் லிவர்கள் இறுகத் தொடங்கின. முன் கியர் எப்படியோ விழுந்துவிடும். படகை நிறுத்துகிற பின் கியர்தான் மக்கர் பண்ணும். வேணு இரண்டு முறை புதுக் கேபிள் கேட்டான். “மேனேஜ் பண்ணுங்கண்ணா” என்று பதில் வந்தது. வேணு மேனேஜ் பண்ணினான். மோட்டாரின் மூடியைத் திறந்து, கியர் தண்டில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, ஓரமாக வெளியே விட்டான். வலது கையால் லிவரை இழுத்துக்கொண்டே இடது கையால் கயிற்றை வெட்டி இழுத்தால் பின் கியர் டக்கென்று விழும். மற்ற நான்கு ஓட்டுநர்களும் வந்து பார்த்துவிட்டு அதே மாதிரி கட்டிக்கொண்டார்கள். நிதின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்றைக்கு வேணுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை, படகு சேற்றில் அடம்பிடித்த அதே நாள் காலை எட்டு மணிக்கு அறுந்தது.

தீவிலிருந்து பதினான்கு பேரோடு ரேவை நெருங்கியபோது வேணு லிவரையும் கயிற்றையும் சேர்த்து இழுத்தான். கயிறு கையோடு வந்துவிட்டது. படகு நிற்காமல் கருங்கல் படியைப் பார்த்துப் போனது. “தள்ளிப்போ! தள்ளிப்போ!” என்று கத்தினான். ஆனால் படியில் நின்ற ஜெயச்சந்திரனுக்குப் படகின் முனையில் உட்கார்ந்திருந்த குழந்தைதான் கண்ணில் பட்டிருக்க வேண்டும். தள்ளிப்போகாமல் இரண்டு கையையும் நீட்டிப் படகைத் தாங்கினார். வலது கை கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. நாயுடுபேட்டை ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை முதல் நடை முடிந்ததும் நிதின் வேணுவை டிக்கெட் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். இருபது வருஷத்தில் அந்த நாற்காலியில் வேணு உட்கார்ந்ததில்லை. இப்போதும் உட்காரவில்லை. நிதின் கையெழுத்துக்காக எழுதி வைத்திருந்த ஒரு காகிதத்தை மேஜையில் அவன் பக்கம் நகர்த்தினார்.

“ஒரு சந்தகம் போடணும்ண்ணா. நீங்க சத்தம் போட்டீங்க, அவரு கேக்காம கைய நீட்டிட்டாரு. நடந்ததுதானே?”

“கேபிள் துருப்புடிச்சி கெடந்தது அதுல எழுதலயே சார்.”

“அது எதுக்கு? சாயங்காலம் மெக்கானிக் வந்து மாத்திடுவாரு.” நிதின் குரலை உயர்த்தவே இல்லை. “இது இல்லன்னா கேஸு உங்க மேல திரும்பும். கயிறு கட்டனது யாருண்ணா? நானா?”

கையெழுத்துப் போட்டால் ஜெயச்சந்திரன் தன் தப்பால் விரலை இழந்தவராகிவிடுவார். வைத்தியமும் கிடையாது, வேலையும் கிடையாது. போடாவிட்டால் போலீஸ் தன் வாசலுக்கு வரும். “யோசிச்சிட்டு வரேன் சார்” என்று வெளியே வந்தான்.

தாட்சாயணி படகில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். நேற்று பாதியில் ஆஸ்பத்திரிக்குப் போனதற்கே வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று நிதினிடமிருந்து போன் வந்திருந்தது.

“தாட்சாயணி, அறுந்தது நான் கட்டன கயிறும்மா” என்றான் வேணு.

அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். “தெரியும்ண்ணா. ஆஸ்பத்திரில உக்காந்துகினு அதத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். உன்மேல அவ்ளோ கோவம் எனக்கு. நீ கயிறு கட்டலன்னா இந்த போட்டு அன்னிக்கே நின்னுருக்கும். நின்னுருந்தா கேபிள் வந்திருக்கும். நாமளே முட்டு குடுத்து முட்டு குடுத்து அந்தாள ஓட்டிக்கினு கீறோம்.”

வேணுவுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பானரை எடுத்தான். சாயங்காலம் மெக்கானிக் வந்து கேபிளை மாற்றிவிட்டால் சாட்சி என்று ஒன்றும் மிஞ்சாது. மோட்டார் மூடியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, “எல்லாரும் வாங்கப்பா, சாரையும் கூப்புடுங்க!” என்று குரல் கொடுத்தான். ஓட்டுநர்கள் வந்தார்கள். தீவுக்குத் திரும்பக் காத்திருந்தவர்கள் வந்தார்கள். நிதினும் வந்தார்.

இன்ஜின் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கேபிளின் முனையைக் கியர் தண்டிலிருந்து கழற்றினான் வேணு. மோட்டாரைச் சாய்த்து, அதன் விசிறியைத் தண்ணீருக்கு மேலே தூக்கினான். “தாட்சாயணி, விசிறிய மெல்லத் திருப்பு.” அவள் திருப்பத் திருப்ப, அவன் ஒரே விரலால் தண்டைத் தள்ளினான். முன்னால் விழுந்தது. நடுவில் நின்றது. பின்னால் டக்கென்று விழுந்தது.

“கியர் பொட்டியில கோளாறு இல்ல. எல்லாரும் பாத்துக்கினீங்களா? இப்ப லிவருல கேபிள் மட்டுந்தான் கீது. சார், நீங்களே பின் கியருக்கு இழுங்க.”

இத்தனை பேர் பார்க்கும்போது நிதினால் மறுக்க முடியவில்லை. இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். கேபிள் உறையிலிருந்து செங்கல்பொடி மாதிரி துரு உதிர்ந்தது.

“வேணு அண்ணா, இதெல்லாம் மெக்கானிக் பாக்கற வேலை. நீங்க மெக்கானிக் கிடையாது.”

“கயிறு கட்டறப்போ மட்டும் மெக்கானிக்கா இருந்தனே சார், முதுகுல தட்டனீங்களே?”

யாரோ சிரித்தார்கள். நிதினின் முகம் சிவந்தது. வேணு சிரிக்கவில்லை. “கயிறு கட்டனது என் தப்பு. எங்க வேணா வந்து சொல்றேன். ஆனா ஜெயச்சந்திரன் மேல பழி போடற காயிதத்துல என் கை படாது. இனிமே கயிறு வெச்சி ஓட்டவும் மாட்டேன்.”

“நீங்க ஓட்டலன்னா நாலு போட்டு ஓடும்ண்ணா” என்றார் நிதின், பழைய சிரிப்போடு.

அப்போதுதான் தணிகாசலம் நகர்ந்தான். முதல் நம்பர் படகின் ஓட்டுநர். எந்தச் சண்டையிலும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தள்ளி நிற்கிற ஆள். தன் படகில் ஏறி, மூடியைத் திறந்து, கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தான். டிக்கெட் அறை மேஜையில் கிடந்த அந்தக் காகிதத்தின் மேல் அதைப் போட்டான். “நேத்து அது என் போட்டா இருந்திருக்கலாம்” என்றான். மற்ற மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராகப் போய் அவிழ்த்து வந்தார்கள். வேணு கடைசியாகத் தன் அறுந்த கயிற்றை வைத்தான்.

“அஞ்சு போட்டுக்கும் கேபிள், மறுபடியும் நல்ல தண்ணி, என் ஊட்டுக்காரருக்கு வைத்தியமும் வேலையும். அப்பால ஓட்டறோம்” என்றாள் தாட்சாயணி.

“ஆளுக்கா பஞ்சம்? தடாவுல இருந்து இன்னிக்கே கூட்டிட்டு வரேன்.”

“கூட்டியாங்க சார். அவங்களும் இதே லிவரத்தான் இழுக்கணும்” என்றான் வேணு.

நிதின் பயணிகள் பக்கம் திரும்பினார். “பாருங்க, உங்கள நடுவுல விட்டுட்டாங்க.”

தீவில் சின்னக் கடை வைத்திருக்கும் கமலம்மா தக்காளிக் கூடையைத் தலையிலிருந்து இறக்கிப் படியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். “நேத்து அந்த போட்டுல நானுந்தான் இருந்தேன். தக்காளி அழுவுச்சுன்னா உங்க தலையிலதான் கொட்டுவேன் நைனா, வேணு தலையில இல்ல.” முணுமுணுத்துக்கொண்டே இன்னும் சிலரும் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் திட்டிவிட்டு எழுந்து போனார்கள்.

நிதின் போனைக் காதில் வைத்தபடி காரை நோக்கி நடந்தார். யாரைக் கூப்பிடுகிறார், போலீஸையா, தடா ஆட்களையா, தெரியவில்லை. வேணுவுக்குப் பயமாகத்தான் இருந்தது. படகில் உட்கார்ந்ததும் இடது கை பழக்கத்தில் கயிற்றைத் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை.

தாட்சாயணியின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஜெயச்சந்திரன். அவள் சத்தமாக வைத்தாள்.

“இன்னா, போட்டு சத்தமே கேக்கல? காத்தா?” களைத்த குரல்.

“காத்து இல்ல. நாங்க நிறுத்திட்டோம்.”

ஜெயச்சந்திரன் கேட்டார்:

“அஞ்சுமா?”

தாட்சாயணி போனை வேணுவின் பக்கம் நீட்டினாள். அவன் துறையில் வரிசையாகக் கட்டிக் கிடந்த படகுகளைப் பார்த்தான்.

“அஞ்சும்” என்றான்.