முதல் பக்கத்துக்குப் போன அக்கா

1

ஒரு பாவத்திலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. ஒரே பத்தியில் 'விக்' என்ற சொல்லைப் பதினொரு முறை எழுதினேன். அதுவும் என் சொந்த அக்காவின் கடைக்காக. "சிறந்த விக் வேண்டுமா? எங்கள் விக் கடையில் எல்லா வகை விக்கும்..." போதும். மீதியைக் காட்ட வெட்கமாக இருக்கிறது.

எழுதச் சொன்னவர் ஒரு நிபுணர். இணையத்தில் யார் தேடினாலும் நம் கடையை முதல் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறவர் என்று அவருடைய விசிட்டிங் கார்டு சொன்னது.

"நிபுணர்னு யார் தம்பி பட்டம் குடுத்தாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"நானேதான் மேடம்" என்று சிரித்தார்.

[அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துவிட்டது. அவரை வில்லனாக்க உட்கார்ந்தவளுக்கு அது பெரிய இடைஞ்சல்.]

2

அந்த நிபுணர் ஒரு நரியைப் போலப் பதுங்கி

இல்லை, அந்த வரியை அடித்துவிட்டேன். முப்பது வயதிருக்கும். சட்டைக் காலர் நைந்திருந்தது. தண்ணீர் கொடுத்தால் இரண்டு கைகளாலும் வாங்குவார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அக்காவைப் பற்றி நிறையத் தெரியும். வலைத்துணியைத் தலை அளவுக்குத் தைத்து, கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போடுவாள். ஒரு விக்குக்கு மூன்று வாரம்.* வருகிறவர்களில் பாதிப்பேர் சிகிச்சையில் முடி கொட்டியவர்கள். அவர்களுக்காக வெப்சைட்டில் அவளே ஒரு வரி எழுதி வைத்திருந்தாள்: "உடம்பு சரியில்லாமல் முடி கொட்டியவர்கள் ஒரு போன் செய்துவிட்டு வாருங்கள். நீங்கள் வரும்போது கடையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்."

நிபுணர் அதைத் தூக்கச் சொன்னார். "இப்படி யாரும் தேடறதே இல்ல மேடம். இந்த இடத்துல கீவேர்டு, அதான் ஜனங்க தேடற வார்த்தை, வந்தா முப்பதே நாள்ல முதல் பக்கம்."

அக்கா தயங்கினாள். "அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று அவள் வாயை அடைத்தது நான்தான். அந்த இடத்தில் என் பதினொரு விக்கும் வந்து உட்கார்ந்தன.

* படித்துவிட்டு அக்கா சொன்னது: "நாலு வாரம்டி. நீ பாட்டுக்கு மூணுன்னு எழுதிட்டா நாளைக்கு எங்கிட்ட சண்டைக்கு வருவாங்க."

3

முதல் பக்கம் வந்தது, ஒரே ஒரு நாள். மறுநாள் நாலாம் பக்கம். ஏன் என்று கேட்டதற்கு, மழை வந்துவிட்டது என்பதுபோல, "அல்காரிதம் மாறிடுச்சு" என்றார்.

ஆனாலும் புது ஆட்கள் வந்தார்கள். ஒரு மத்தியானம் நாடகக்காரர்கள் மூன்று பேர் சுருட்டை விக்குகளை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்தது. தலையில் துணியை இறுக்கிக் கட்டிய ஒரு பெண். புருவம்கூட இல்லை. ஒரு காலை உள்ளே வைத்தவள், அந்தச் சிரிப்பைப் பார்த்தாள்.

"கடை மாறி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

அக்கா ஊசியும் கையுமாகத் தெருவுக்கு ஓடினாள்.

(முதல் வரைவில் அவளை எட்டிப் பிடித்துவிடுகிறாள். இருவரும் கைகளைப் பற்றிக்கொள்கிறார்கள். நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் நடந்தது அதுவல்ல. அவள் ஏறிய பஸ் போய்விட்டது.)

4

மறுநாள் நிபுணர் வந்தார்.

"அந்த வரியத் திரும்பப் போடுங்க தம்பி."

"அத யாரும் தேட மாட்டாங்க மேடம்."

"எப்படித் தேடுவாங்க? 'என்னை யாரும் பாக்கக் கூடாது'ன்னு டைப் பண்ணுவாங்களா? அவங்களால கேக்க முடியாதுன்னுதானே நாம முந்திச் சொல்லி வச்சோம்."

அவர் லேப்டாப்பைத் திறந்தார். "போட்டா இடம் இறங்கலாம்."

"எவ்வளவு?"

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

[இங்கே அவருக்கு முடி கொட்டிய ஓர் அம்மாவைக் கொடுத்துப் பார்த்தேன். அடித்துவிட்டேன். ஒரு மனிதனுக்கு இது புரிய, அவன் அம்மாவுக்கு நோய் வரவழைக்க வேண்டுமா?]

"தெரியலக்கா" என்றார். "நெஜமா எனக்குத் தெரியாது. யாருக்குமே சரியாத் தெரியாது. தெரியும்னு சொன்னாத்தான் வேலை தர்றாங்க."

மேடம் அக்காவாகிவிட்டதை அவர் கவனித்தாரா தெரியவில்லை.

"இதுவரைக்கும் நீங்க சொன்னதுலயே இது ஒண்ணுதான் தம்பி நம்புற மாதிரி இருக்கு" என்று அக்கா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். "உக்காந்து செய்யுங்க."

அந்த வரியை அவர் பக்கத்தின் உச்சியில் வைத்தார். யாரும் கேட்காமலே எழுத்தைப் பெரிதாக்கினார். என் பத்திக்கு வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தூக்குங்க" என்றேன். நான் எழுதியதை ஒருவர் அழித்து எனக்கு மனசு லேசானது அன்றைக்குத்தான்.

5

அந்தப் பெண் திரும்பி வந்தாளா?

வந்தாள் என்று ஒரு முடிவு எழுதினேன். வரவில்லை என்று ஒன்று. எது நடந்தது என்று எனக்குத் தெரியும். "அது அவங்க விஷயம்டி, அதையெல்லாம் எழுதாதே" என்று அக்கா சொல்லிவிட்டாள். கடை இப்போது ஏழாம் பக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டும் எழுதலாமாம்.

இதை அவள் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். போன் அடிக்கிறது. அக்காவின் இரண்டு கையும் முடிச்சில் இருக்கின்றன. நானோ இந்த வரியில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஆகவே நீங்கள் எடுங்கள். அக்காவின் வரியைப் படித்துவிட்டு அழைக்கிறவர்களுக்கு உடனே பேச்சு வராது. வைத்துவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.