அரைப் புள்ளி

சதுரங்கப் போட்டியில் என் ஆட்டங்கள் முடிந்தபோது, முதலிடத்தில் எனக்கும் ஒரு பல்மருத்துவருக்கும் ஒரே புள்ளி. அப்படிச் சமமாக வந்தால், யாருடைய எதிராளிகள் மொத்தத்தில் அதிகப் புள்ளி எடுத்திருக்கிறார்களோ அவருக்குத்தான் கோப்பை. என் எதிராளிகளில் ஒருவர் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். முதல் சுற்றில் என்னிடம் தோற்ற தபால்காரர். அவர் டிரா செய்து அரைப் புள்ளி எடுத்தாலே போதும், கோப்பை எனக்கு.

ஆடுபவர்களைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தேன். நடுவர் முறைத்தார். மறுபடியும் நடந்தேன். அந்தத் தபால்கார மனுஷனோ சாவகாசமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடிகாரம் ஓடுதய்யா!

எதிரே இருந்தவர் டிரா கேட்டார். 'ஒத்துக்கங்க, ஒத்துக்கங்க' என்று உள்ளுக்குள் கத்தினேன். தபால்காரர் முடியாது என்று தலையாட்டினார். அடுத்த பத்து நகர்த்தலில் தோற்றும் போனார்.

வெளியே வந்தவர் முகத்தில் வருத்தமே இல்லை. நேராக என்னிடம்தான் வந்தார்.

"முதல் சுற்றுல நான் டிரா கேட்டப்போ, 'துப்பில்லாதவங்களுக்குத்தான் டிரா'ன்னு சிரிச்சியேம்மா, சுருக்குன்னு தச்சுது. இன்னைக்கு ரோஷத்தோட ஆடினேன், பார்த்தியா?"

"பார்த்தேன்" என்றேன்.