ஒன்றரை மணி நேரக் கலங்கரை விளக்கம்

என் மனைவி வடிவின் அண்ணன் குலசேகரன் பதினோரு வருடமாகக் கலங்கரை விளக்கமாக இருக்கிறார். அதன் காவலர் அல்ல, விளக்கமேதான். நிரந்தரப் பணி. ஓய்வூதியம் உண்டு. உட்கார மட்டும் அனுமதி கிடையாது.

கரைக்கு எதிரே இருக்கும் பாறையில் நிற்கிறார். பன்னிரண்டு வினாடிக்கு ஒரு முறை சுற்றுகிறார். எங்கள் கடலில் கப்பல்கள் இரவில் தூங்கிவிடும். வழி தவறுவதெல்லாம் பகலில்தான். அதனால் மச்சானுக்குக் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை வேலை. ஆறு மணிக்கு மேல் நின்றபடியே தூங்குவார்.

இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பெண் கொடுக்கும்போதே சொல்லித்தான் கொடுத்தார்கள். வருத்தமெல்லாம் என் மகள் ஆவுடைச்செல்வியின் காதில் இருந்தது.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அதுவும் ஒற்றைப்படை வயதில். ஒரு வயதில் மச்சானுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மூன்றில் புயல் வந்தது. ஐந்தில் பொறுமை போய், மடி இல்லாமலே குத்திப் பார்த்தோம். ஊசி சரியாகத்தான் இறங்கியது. ஓட்டை காதில் விழவில்லை. பக்கத்து வீட்டு எண்ணெய்த் தூக்கில் விழுந்தது. அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் எங்களோடு பேசுவதில்லை.

இப்போது ஆவுடைக்கு ஏழு வயது. இந்த வருடமும் தவறினால் ஒன்பதுதான். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஜிமிக்கி ஆட்டுகிறார்கள். இவள் ஜிமிக்கியைத் தையல் நூலில் கோத்துக் காதில் மாட்டிக்கொண்டு போனாள். கணக்கு வகுப்பில் அது கழன்று விழுந்து எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

"மாமா வரலைன்னா நானே போயி அவர் மடியில உக்காந்துக்கிடுவேன்" என்றாள்.

"நிக்கிறவருக்கு ஏதுடி மடி" என்றாள் வடிவு.

மறுநாள் கரையோர வெளிச்ச அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். நான் போய் நின்றதும் வராந்தா நீள ஆரம்பித்தது. நடக்க நடக்க ஜன்னல் தள்ளிப் போயிற்று. பத்தரை மணிக்கு வராந்தாவிலேயே ஒரு பேருந்து நிறுத்தம் வந்தது. கடைசியில் பஸ் பிடித்துத்தான் ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

உள்ளே ஜெபமணி என்ற அதிகாரி இருந்தார். மேஜை மேல் ஒரு சின்னக் கடல் வைத்திருந்தார். அது பறந்துவிடாமல் இருக்க மேலே ஒரு கல் வைத்திருந்தார்.

"யாருக்கு லீவு?"

"லைட் ஹவுஸுக்கு சார். ஒன்றரை மணி நேரம் போதும். காதுகுத்து."

"லைட் ஹவுஸுக்கு ஏதுய்யா காது?"

"காது என் மகளுக்கு சார். மடிதான் அவருது."

அவர் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். "பதிலுக்கு ஆள் நிக்கணும். வெளிச்சம் வரணும். சுத்திக்கிட்டே இருக்கணும். ஒரு நொடிகூட நிறுத்தப்படாது."

"சரிங்க சார்."

"நிக்கிற ஆளு லைட் ஹவுஸோட தங்கச்சி மாப்பிள்ளையாத்தான் இருக்கணும். வேற ஆள் செல்லாது."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அது நான்தான் சார்."

படிவம் கொடுத்தார். நான் மனிதனாக இருப்பதற்கு மூன்று காரணங்கள் கேட்டிருந்தார்கள். இரண்டு எழுதிவிட்டேன். மூன்றாவது வரவே இல்லை. 'பழக்கம்' என்று எழுதினேன். அதைத்தான் முதலில் ஏற்றுக்கொண்டார்.

வெளிச்சம் எனக்குப் பெரிய விஷயம் இல்லை. என் தொழிலே அதுதான். பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்கு ஒளிரும் உடுப்பு செய்து கொடுக்கிறேன். அதற்கென்று ஒரு வெள்ளை ஃபோம் ஷீட் வருகிறது. கத்தரிக்கோலுக்கு அடங்கும், சூடு காட்டினால் வளையும். அதன் பின்னால் எல்.இ.டி. பட்டையை முறையாக வைத்தால் பல்பு தெரியாது. வெளிச்சம் மட்டும் பரவி, ஃபோமே எரிகிற மாதிரி இருக்கும். போன வருடம் முப்பத்திரண்டு மின்மினிகளும் ஒரு திமிங்கிலமும் செய்தேன். திமிங்கிலத்தை இன்னும் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஆற்றில் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த கையோடு ஃபோமைத் தரையில் விரித்து அளவு போட்டேன். வடிவு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணனுக்குப் பதிலா நீங்க நிக்கப் போறீங்க."

"ஆமா."

"அப்ப காது குத்துறப்ப நீங்க?"

சாக்பீஸ் கையிலேயே நின்றுவிட்டது. அவ்வளவு பெரிய படிவத்தை நிரப்பியபோது இது எனக்குத் தோன்றவே இல்லை.

"தாய்மாமன் இல்லாமத்தான் குத்த முடியாது. தகப்பன் இல்லாமக் குத்தலாம்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு அழுகை வந்தது. ஆவுடை முதல் அடி எடுத்து வைத்தபோது நான் ஏதோ ஒரு பள்ளிக்கு மயில் தோகை ஒட்டிக்கொண்டிருந்தேன். முதல் பல் விழுந்தபோது வாள் செய்துகொண்டிருந்தேன். ஊரில் உள்ள பிள்ளைகளையெல்லாம் ஒளிர வைத்த எனக்கு என் பிள்ளையைப் பார்க்கத்தான் நேரம் வாய்ப்பதில்லை.

அந்தக் கலக்கத்தில் ஒரு தப்பு செய்தேன். கற்றுக்குட்டிகூடச் செய்யமாட்டான். இடைவெளி விடாமல் பல்புப் பட்டை மேலேயே ஃபோமை அழுத்தி ஒட்டிவிட்டேன்.

ஜெபமணி சார் சோதனைக்கு வந்தார். சின்னக் கடலை ஒரு டம்ளரில் ஊற்றி எடுத்து வந்திருந்தார். அதில் ஒரு கப்பல் இருந்தது. உடுப்பை மாட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாகப் பல்பு தெரிந்தது. அவர் ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடிக்கும் முன் வடிவு கொடுத்த டீ ஆறிவிட்டது.

"நூத்து நாப்பத்தி நாலு புள்ளி. இது லைட் ஹவுஸ் இல்லைய்யா. இது ஒரு மாவட்டம்."

"சார்..."

"ஒவ்வொரு புள்ளியையும் ஒவ்வொரு ஊருன்னு நினைச்சுக்கிடும் கப்பல்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. டம்ளரில் இருந்த கப்பல் எங்கள் கட்டிலில் மூட்டை இறக்க ஆரம்பித்தது. கொத்தமல்லி. தலையணையைத் தாண்டி அடுக்கிவிட்டுத்தான் போனது.

"நாளைக்குக் காலையில ஒத்தப் புள்ளி தெரிஞ்சாலும் லீவு ரத்து" என்று கையெழுத்தை நிறுத்தி வைத்துவிட்டுப் போனார்.

வைத்தியன் பிள்ளைக்கு நோவு தீராது, வாத்தியான் பிள்ளைக்குப் படிப்பு வராது என்பார்கள். என் கதை அப்படி ஆகிவிடுமோ என்று பயந்தேன். ஆவுடை அழவில்லை. உடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"பல்பும் ஃபோமும் ஒட்டி ஒட்டி நிக்குதுப்பா. கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

அதுதான் விஷயம். இரண்டு விரல் இடைவெளி இருந்தால் வெளிச்சம் பரந்து வரும். தையல் மெஷினுக்கு அடியில் காலி நூற்கண்டுகள் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. மூன்று பேரும் உட்கார்ந்து நூற்கண்டுகளை வரிசையாக ஒட்டி, அதன் மேல் ஃபோமைப் போர்த்தினோம். சந்தேகத்துக்கு இன்னொரு அடுக்கும் போட்டோம். சுவிட்சைப் போட்டதும் வீடு முழுக்கப் பால் பொங்கியதுபோல் வெளிச்சம் நிறைந்தது. ஒரு புள்ளி தெரியவில்லை. வடிவு என்னைப் பார்த்து, "மாப்பிள்ளைக் கோலத்துலகூட இவ்வளவு லட்சணமா இல்ல நீங்க" என்றாள்.

காலையில் ஜெபமணி சார் கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். காதுகுத்துச் சாப்பாட்டுக்கு அவரையும் அழைத்தோம்.

ஒன்பது மணிக்குப் பாறைக்குப் போனேன். மச்சான் மேலிருந்து குனியாமல் பேசினார்.

"மாப்ள, வந்துட்டீரா?"

"வந்துட்டேன் மச்சான். இறங்குங்க."

"எப்படி நடக்கணும்னு மறந்துபோச்சு."

"ஒரு காலைத் தூக்கி முன்னால வைங்க. பொறவு மத்தக் காலு."

"அதுக்குப் பொறவு?"

"அதேதான் மச்சான்."

"இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு இறங்கினார். எனக்கு அவரைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு தெருவைக் கடக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உயரம் குறைந்தார். மீன் சந்தையில் பனைமர உயரம். பள்ளிக்கூடத்தருகே மாடி உயரம். காதுகுத்து வைத்திருந்த சாஸ்தா கோயில் வாசலில் என்னைவிட ஒரு சாண்தான் அதிகம். நிலையில் தலை இடித்துக்கொண்டார்.

அவர் இறங்கிய நொடியே நான் பாறையில் ஏறி நின்றிருந்தேன். ஏறியதும் உடுப்பு வளர ஆரம்பித்தது. உள்ளே இருப்பவன் நான் ஆதலால் கூடவே போக வேண்டியதாயிற்று. தொண்ணூறு அடியில் நின்றது. சுற்ற ஆரம்பித்தேன். ஆறு வினாடி கடல், ஆறு வினாடி கரை. கரைப்பக்கம் திரும்பும்போது கோயில் முற்றம் முழுக்கத் தெரிந்தது.

மச்சான் கோயிலுக்குள் போன பிறகு முதல் சுற்றில் அவரை மணையில் உட்கார வைக்க நாலு பேர் முட்டியை மடக்கிக்கொண்டிருந்தார்கள். கடல். அடுத்த சுற்றில் ஒரு முட்டி மடிந்திருந்தது. கடல். இருபதாவது சுற்றில் மடி வந்துவிட்டது. அவரே அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கடல். ஆவுடை அதில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கடல். காது குத்த வந்த தாணு ஆசாரி அவள் காதுகளில் சந்தனத்தால் புள்ளி வைத்தார். கடல். ஆசாரி ஊசியை ஓங்கினார்.

கடல்.

திரும்பி வந்தபோது முடிந்துபோயிருந்தது. வலது காதில் கம்மல் மினுங்கியது. மேளக்காரர் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆறு வினாடியும் நான் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறு அடி உயரத்தில் நின்றுகொண்டு அழுதேன். ஃபோம் கண்ணீரையும் சமமாகப் பரப்பிக் காட்டியிருக்க வேண்டும். வெளியே யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த சுற்றில் ஆவுடை இடது காதைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். வடிவு கையை எடுக்கப் பார்த்தாள். கடல். மச்சான் ஏதோ சொன்னார். கடல். ஆவுடை தலையை ஆட்டிவிட்டு இன்னொரு கையால் என்னைக் காட்டினாள். விடுப்பில் இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது.

பிறகு எல்லாரும் எழுந்தார்கள். மச்சான் ஆவுடையை இடுப்பில் தூக்கிக்கொண்டார். முன்னால் மேளம், பின்னால் தாம்பாளங்கள், நடுவில் ஆசாரி, கடைசியில் பந்தியிலிருந்து இலையோடு எழுந்து வந்த ஜெபமணி சார். ஒரு சுற்றுக்கு ஒரு தெருவாக வந்தார்கள். மச்சான் திரும்பவும் வளர ஆரம்பித்தார். மீன் சந்தையில் வடிவும் ஆசாரியும் அவர் கைகளில் ஏறிக்கொண்டார்கள். கரையில் மிச்சப் பேரும் தோளில் ஏறினார்கள். ஜெபமணி சார் இலையைச் சாய்க்காமல் ஏறினார். மச்சான் தண்ணீரில் நடந்து வந்து பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தார். இந்த முறை யாரும் முட்டியை மடக்கித் தர வேண்டியிருக்கவில்லை. அவர் மடி என் நெஞ்சுக்கு நேராக இருந்தது. மடியில் ஆவுடை. அவரது ஒரு முட்டியில் ஆசாரி பெட்டியைத் திறந்தார். இன்னொன்றில் மேளக்காரர் ஏறி உட்கார்ந்தார்.

ஆசாரி காதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நாப்பது வருசமா காது குத்துதேன். எந்த வெளிச்சத்துல பாத்தாலும் என் கை நிழலு காதுல விழும். இதுல நிழலே இல்ல. யாரு செஞ்ச உடுப்பு?"

"எங்க அப்பா" என்றாள் ஆவுடை.

கடல். மறுபடி வந்தேன்.

"அப்பா, நில்லுங்க."

"நிறுத்தப்படாது" என்றார் ஜெபமணி சார், வாயில் அப்பளத்தோடு. "விதி."

கடல். என்னால் நிற்க முடியாது. நின்றால் எத்தனையோ கப்பல்கள். மறுபடி வந்தேன். எல்லார் முகமும் தொங்கிப்போயிருந்தது. ஆவுடையின் கை காதை விட்டு இறங்கவில்லை.

"அவரு நிக்க வேண்டாம்" என்றார் ஆசாரி. "நாம நிப்போம். அவரு வரட்டும்."

ஊசியைக் காதருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார். மச்சான் மூச்சைப் பிடித்தார். மேளக்காரர் குச்சியைத் தூக்கியபடி இருந்தார். நான் கடல்பக்கம் போனேன்.

என் வாழ்க்கையில் கடல் அவ்வளவு நீளமாக இருந்ததில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு பேரும் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தேன்.

"அப்பா வந்தாச்சு" என்று ஆவுடை கையை எடுத்தாள். என்னையே பார்த்தாள். என் வெளிச்சம் முழுக்க அவள் காதில் இருந்தது. ஊசி போய் வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவள் முகம் சுளித்ததைப் பார்த்தேன். சுளித்த முகம் அழுகையா சிரிப்பா என்று தெரிவதற்குள் என் முறை முடிந்து கடல்பக்கம் திரும்பினேன்.

மேளம் கொட்டியது. அதையும் மீறி ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. அது மச்சானுடையது. அதற்கு மேலே ஆவுடை விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

கடலைப் பார்த்தபடி நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். அவளிடம் போய்ச் சேர இன்னும் ஆறு வினாடி இருந்தது.