எந்த இலை என்று சொல்லாத புத்தகம்

அட்டைப்பெட்டியை வெட்டி, கையால் வண்ணம் தீட்டிப் பிள்ளைகளுக்குப் படக்கதைப் புத்தகம் செய்வது என் பிழைப்பு. எங்கள் ஊரான அசுன்சியோனின் சந்தையில் என் கடைக்கு எதிரே தொமாசா மூலிகை விற்கிறாள். அன்று காலை அவள் ஆறு வயதுப் பெண் ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து என் முன்னால் நிறுத்தினாள்.

"ஏண்டி எலாடியா, உன் புத்தகத்தால என் உயிரு போகுது. இவளுக்கு நீயே பதில் சொல்லு."

பெண்ணின் பெயர் அரசேலி. கையில் என் புத்தகம். அதில் ஒரு சிறுமி உரலில் இலை இடித்து, நோயில் கிடக்கும் அம்மாவுக்கு மாத்தே பானத்தில் போட்டுக் கொடுப்பாள்; கடைசிப் பக்கத்தில் அம்மா எழுந்து ஆடுவாள். பள்ளியில் வாசித்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அரசேலியின் அம்மா நிமியா பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகப் படுக்கையில். அப்பாவுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டட வேலை. பெரியம்மா ஒருத்திதான் துணை. அரசேலி தினமும் தொமாசாவிடம் புதிது புதிதாக இலை கேட்டு வாங்கி இடித்துக் கொடுத்திருக்கிறாள். பதினொரு இலை ஆகிவிட்டதாம்.

"எல்லா இலையும் ஒரே பச்சையா போட்டிருக்கீங்க அத்தை. எதுன்னு தெரியல. எங்கம்மா இன்னும் எந்திரிக்கல."

அது எந்த இலையும் இல்லை, கிண்ணத்தில் மிஞ்சிய பச்சை வண்ணம் என்று எந்த வாயால் சொல்வேன்? வண்ணப்பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தேன்.

வீட்டில் அம்மாவுக்கு மசித்த மரவள்ளியை ஊட்டினாள். கரண்டியை வலது ஓரமாகவே கொண்டுபோனாள். இடது கன்னத்தில் தங்கியதை விரலால் வழித்தெடுத்தாள். சரிந்த தலையைத் தன் தோளால் முட்டுக்கொடுத்து நிமிர்த்தினாள். அம்மா விழுங்கும்வரை தானும் எச்சில் விழுங்கியபடி காத்திருந்தாள். அம்மாடி! இருபது வருடமாகப் படம் போடுகிறேன், இதில் ஒன்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. உடம்பு சிலிர்த்துப்போய் அந்தச் சின்னக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊட்டி முடித்து என் பக்கம் திரும்பினாள். "நான் எதைத் தப்பா செஞ்சேன் அத்தை?"

"நீ ஒண்ணும் தப்பா செய்யல கண்ணு. தப்பு என் புத்தகத்துலதான். எந்த இலை இடிச்சாலும் அம்மா எந்திரிக்க மாட்டாங்க. அதுக்கு நீ காரணம் இல்ல."

அவள் நம்பாமல் அம்மாவைப் பார்த்தாள். நிமியாவுக்குப் பேச்சு குழறும். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

கடைசிப் பக்கத்தைக் கிழித்தேன். பின்னட்டையின் வெற்று உள்பக்கத்தில் என்ன வரையட்டும் என்று நிமியாவைக் கேட்டேன். அவள் வலது கையை மெல்லத் தூக்கி மகளின் தலைமேல் வைத்தாள். அதையே வரைந்தேன்.

வண்ணம் காயும்வரை அரசேலி அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு உரலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மா, அப்ப நான் கொஞ்ச நேரம் வெளையாடப் போகட்டுமா?" என்று கேட்டாள்.