ஊமைப்படத்தில் கடித்த நண்டு

விருத்தாசலத்தில் ராஜ்மோகன் ரகசியம் பேசினால் அடுத்த ஊர் மங்கலம்பேட்டைக் கடைக்காரர்கள் "என்னாங்க, கூப்புட்டீங்களா?" என்று எட்டிப் பார்ப்பார்கள். அங்கே பீங்கான் ஆலை ஒன்றில் முப்பத்தோரு வருஷம் பால்மில் ஓட்டி, மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். களிமண்ணையும் கூழாங்கல்லையும் உள்ளே போட்டு உருட்டுகிற ராட்சதப் பீப்பாய் அது. அது போட்ட இரைச்சலில் காது பாதியாகிவிட்டது. தொண்டை மட்டும் நாலு மடங்காகிவிட்டது.

இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் ஒருத்தியிடம் போய்க் கல்யாணம் கேட்க முடியுமா?

கேட்க வேண்டியது சொர்ணாம்பாளை. அதே பால்மில்லுக்குப் பக்கத்தில் மண் நிறுத்துப் போட்டவர். ரெண்டு பேருக்குமே துணை போய்ச் சேர்ந்து வருஷம் பலவாச்சு. மூன்று மாதமாக ராஜ்மோகன் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ரேஷன் கடையில் திறந்தால் வரிசையே காதைத் தீட்டிக்கொண்டது. கோயிலில் திறந்தால் பள்ளத்துச் சன்னதியில் இருக்கும் ஆழத்துப் பிள்ளையாரே படியேறி வந்து கேட்பார் போலிருந்தது. இப்போது அந்தம்மா திருப்பூருக்கு, மகள் வீட்டோடு போய்விடப் போகிறாராம். செவ்வாய்க்கிழமை ரயில். இன்றைக்கு ஞாயிறு.

அந்த ஞாயிறு மத்தியானம்தான் கல்லூரி டீச்சர் பூர்ணிமா, ஒரு கல்யாண மண்டபத்து ஜன்னலுக்கெல்லாம் ஜமுக்காளம் கட்டி, நூறு வருஷத்துப் பழைய ஊமைப்படம் ஒன்றைப் போட்டார். மதராஸில் எடுத்த ஒன்பது நிமிஷக் காதல் கதை. ஊரே வந்திருந்தது, கருவேப்பிலங்குறிச்சிக்காரர்கள் டிராக்டரில் வந்திறங்கினார்கள். நடைவழிக்கு இந்தப் பக்கம் ராஜ்மோகன், அந்தப் பக்கம் சொர்ணாம்பாள்.

திரையில் கதாநாயகன் இடுப்பளவு ஆற்றுத் தண்ணீரில் நின்று நெஞ்சில் கை வைத்தான். எழுத்து வந்தது: "கண்மணி! உனைப் பிரிந்து உயிர் தரியேன்!" மண்டபம் விட்ட கண்ணீரில் மணிமுத்தாறு கரை புரண்டிருக்கும்.

ராஜ்மோகன் எழுத்தைப் படிக்கவில்லை, உதட்டைப் படித்தார். பால்மில் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அங்கே வேலை பார்த்தவர்கள் உதட்டசைவிலேயே பேசிப் பழகியவர்கள். கதாநாயகன் நிஜமாகச் சொன்னது இதுதான்: "யோவ், கால்ல நண்டு கடிக்குதுய்யா! சீக்கிரம் படத்தப் புடிச்சு முடிங்கய்யா!"

ராஜ்மோகனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதே நொடியில் நடைவழிக்கு அந்தப் பக்கமும் ஒரு சிரிப்பு. சொர்ணாம்பாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்.

பக்கத்து நாற்காலி ஜெயராஜ் முறைத்தார். "ஏன்யா, அவன் உசுரு போவுதுன்னு நிக்குறான், ஒனக்கு இளிப்பு வருதா?"

ராஜ்மோகன் மண்டைக்குள் பால்மில்லே ஓடியது. அட மடையா! மூணு மாசமா தொண்டையைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சியே, உதடுன்னு ஒண்ணு இருக்குதே!

திரும்பினார். திரை வெளிச்சம் அந்தம்மா முகத்தில் பளிச்சென்று விழுந்தது. சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார்.

"நண்டப் பாத்தியா, சொர்ணம்?"

"பாத்தேன் மேஸ்திரி. பாவம்."

"திருப்பூருக்குப் போவாத. தாலி கட்டுறேன், என் வூட்டுக்கு வந்துடு."

இருநூறு பேர் நடுவில் சொன்னது ஓர் ஈக்குக்கூடக் கேட்கவில்லை. சொர்ணாம்பாள் சட்டென்று திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். ராஜ்மோகனின் நெஞ்சு அடித்த அடியில் நாற்காலி ரெண்டு அங்குலம் நகர்ந்தது. ஒரு யுகம் கழித்து அந்த முகம் திரும்பியது.

"ஏங்க..."

மேஸ்திரி இல்லை. ஏங்க!

"மொதல்ல காதுக்கு மெஷினு வாங்குங்க. டிக்கெட்டை நான் கேன்சல் பண்ணிடுறேன்."

இங்கேதான் மனுஷன் சொதப்பினார். சந்தோஷத்தில் உதட்டை மறந்து, எழுந்து நின்று தொண்டையைத் திறந்துவிட்டார்.

"கேன்சலா! அப்ப என்னைக் கட்டிக்கிறியா, சொர்ணம்!"

மண்டபத்து ஃபேன் ஒரு சுற்று எதிர்த்திசையில் சுற்றியது. ஜமுக்காளம் ஒன்று அறுந்து விழுந்தது.

"அய்யா, இது ஊமைப்படங்க!" என்று பூர்ணிமா அலறினார். ஜெயராஜ் விசிலடித்தார். டிராக்டரில் வந்தவர்கள் நாற்காலி மேல் ஏறி, "அந்தம்மா என்னா சொல்லுது?" என்றார்கள்.

சொர்ணாம்பாள் முந்தானையை உதறிவிட்டு இந்தத் தடவை வாய்விட்டே சொன்னார்: "அதான் சொல்லிட்டேனே, உக்காருங்க!"

திரையில் கதாநாயகியும் கடைசியாக என்னவோ சொன்னாள். அதைப் படிக்கத் தெரிந்த ரெண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.